தொண்டைக்குழி

தம்பி, இந்த டேபிள்ல ஆள் இல்ல, உக்காருங்க. பக்கத்துல வேணாம், எதிர்ல. மொகம் தெரியிற மாதிரி ஒரு ஆள் எதிர்ல இருக்கணும்னு எனக்கு உத்தரவு. யாரு உத்தரவுங்கறதப் பெறகு சொல்றேன். டீ வாங்கியிருக்கீங்க, வடை வாங்கியிருக்கீங்க, நல்லது. நல்லா மென்னு சாப்பிடுங்க. அந்த வடைக்கு மாவாட்டி நேரமாயிருச்சு, எண்ணெயக் குடிச்சுட்டுக் கெடக்கு, பாத்தாலே தெரியுது. ஆஸ்பத்திரி கேன்டீன்ல அதுக்கு மேல எதிர்பாக்கவும் கூடாது.

உங்ககிட்ட ஒரு ஒத்தாசை கேக்கணும். பணங்காசு இல்ல, பயந்துராதீங்க. இந்தா என் முன்னால ஒரு இட்லி இருக்குல்ல, இத நான் தின்னு முடிக்கிற வரைக்கும் நீங்க எந்திரிச்சுப் போயிறக் கூடாது. அம்புட்டுத்தான். அப்புறம் கோவிச்சுக்காம அந்தத் தண்ணி பாட்டில எடுத்துக் கீழ வெச்சுக்கங்க. என் கண்ணு அதுமேலயே போகுது. என் பாட்டில மாடியில வாங்கி வெச்சுக்கிட்டாங்க.

சிரிக்காதீங்க. சிரிச்சாலும் பரவாயில்ல, போயிறாதீங்க.

என் பேரு தவமணி. சமையல் மாஸ்டர். மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி, இந்தச் சுத்துவட்டாரத்துல எங்க கல்யாணம்னாலும் தவமணி சாம்பாருன்னு ஒரு பேச்சு இருந்துச்சு. ஆயிரம் எலைக்கு ஆக்கி எறக்குனவன். முகூர்த்த நாள்ல விடிகாலைக்குள்ள இட்லிய மலையாக் குவிச்சு வெள்ளை வேட்டியப் போட்டு மூடிருவேன். அப்படி ஊருக்கே எல போட்டவனுக்கு இன்னிக்கு ஒரு இட்லி உள்ள எறங்க மாட்டேங்குது. வாங்கி வெச்சு ரொம்ப நேரமாச்சு. ஆறட்டும்னு உக்காந்திருக்கேன். ஆறி அதுபாட்டுக்கு வெறைச்சுப் போச்சு. இனி ஆற என்ன இருக்கு.

எறங்கலைன்னா என்ன ஆகும்னா, பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. எடை ரொம்ப விழுந்துருச்சாம், இதுக்கு மேல பாத்துக்கிட்டு இருக்க முடியாதாம், இன்னிக்கு வார்டுல சேத்து மூக்கு வழியா ட்யூப் விட்டுருவோம்னாரு. மாட்டுக்கு மூங்கில் கொட்டத்துல மருந்து ஊத்துவாங்களே, அந்த மாதிரி. விட்டா விடட்டுமேப்பா, உசுரு நிக்குமில்லங்குறா எம் மக. அவளுக்கு என்ன தெரியும். ஒரு தடவ ட்யூப் வழியா எறங்க ஆரம்பிச்சுச்சுன்னா இந்தத் தொண்டை அதோட கதவச் சாத்திக்கிரும். பெறகு நான் எந்திரிக்க மாட்டேன். அது எனக்கு நல்லாத் தெரியுது.

ஜெசிந்தாம்மாதான் பெரிய டாக்டர்கிட்ட மல்லுக்கட்டி ஒரு வேளை தவணை வாங்கிக் குடுத்தாங்க. கீழ கேன்டீனுக்குப் போங்க மாஸ்டர், ஒரு இட்லி வாங்குங்க, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர எதிர்ல உக்கார வெச்சுக்கங்க, பிசையாம, சாம்பார்ல கரைக்காம, தண்ணி குடிக்காம முழுசாச் சாப்பிட்டுட்டு மேல வாங்க, மத்தத நான் பேசிக்கிறேன்னாங்க. அவங்கதான் பாட்டிலப் பறிமுதல் பண்ணவங்க.

ஜெசிந்தாம்மா மாடியில பேசியே வைத்தியம் பாக்குறவங்க. மனநலப் பிரிவுன்னு போர்டு பாத்திருப்பீங்க. நான் பைத்தியம் இல்ல தம்பி, அத முதல்லயே சொல்லிர்றேன். எனக்கு மனசுல ஒரு கோளாறும் கெடையாது. தொண்டையிலதான் கோளாறு. கண்டுபிடிக்கத் துப்பில்லாம மாடிக்கு ஏத்தி விட்டுட்டாய்ங்க.

மாசி மாசம் ஆரம்பிச்சுச்சு. அன்னிக்கு வேல இல்ல. வீட்டுல நான் மட்டும்தான். ரெண்டு தோசை ஊத்தி, தொட்டுக்கப் பொடி வெச்சு உக்காந்தேன். கறியில்ல, முள்ளு மீனு இல்ல, தோசை. ரெண்டாவது விள்ளலோ மூணாவதோ, உள்ள போகும்போது நடுவுல நின்ன மாதிரி இருந்துச்சு. இரும்புனேன். போயிருச்சு. ஆனா நெஞ்சு கெடந்து இடிக்குது, உரல்ல போட்டு இடிக்கிற மாதிரி. கையி மரத்துப்போச்சு. மொகத்துல எறும்பு ஊறுது. வேர்த்து வேட்டியெல்லாம் நனைஞ்சுருச்சு. மூச்ச இழுக்கிறேன், இழுக்கிறேன், பத்தல. சாகப்போறேன்னு தோணலை தம்பி, செத்துட்டேன்னே தெரிஞ்சுச்சு. வாசலுக்கு ஓடி வந்து விழுந்தேன். அக்கம்பக்கத்துல ஆட்டோவுல தூக்கிப் போட்டுக் கொண்டு போனாங்க.

ஆஸ்பத்திரியில நெஞ்சுல ஒயரெல்லாம் ஒட்டிப் பாத்துட்டு, இதயம் குதிரை மாதிரி இருக்குன்னாரு அந்த டாக்டரு. அப்ப வண்டியில பூட்டுங்கன்னேன். சிரிச்சுட்டு, ஒண்ணுமில்ல, வாய்வு, வீட்டுக்குப் போங்கன்னாரு.

ஒண்ணுமில்ல. இந்த ஒரு வார்த்தையத்தான் தம்பி அன்னிக்கிருந்து கேட்டுக்கிட்டிருக்கேன். ரத்தத்துல ஒண்ணுமில்ல, நெஞ்சுல ஒண்ணுமில்ல. தொண்டைக்கு டாக்டர் ஒருத்தர் கேமராவ உள்ள விட்டுப் பாத்தாரு. வயிறு வரைக்கும் போயிருச்சு கேமரா. இட்லி போகாத எடத்துல கேமரா போச்சு. பளிங்கு மாதிரி இருக்குய்யான்னாரு. பளிங்கு மாதிரி இருந்தா ஏன் போகலைன்னு கேட்டா, பயப்படாதீங்கங்குறாரு. எனக்கு என்ன பயம்? கோட்டை அடுப்புலருந்து, எண்ணெ கொதிக்கிற அண்டாவ ரெண்டு பக்கமும் துணியப் புடிச்சுத் தூக்கி எறக்குறவன் நான்.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா விட்டேன். முதல்ல கறி. கறிதானே, வயசாச்சு, நல்லதுன்னாங்க. பெறகு பரோட்டா. பெறகு சோறு பருக்கை பருக்கையாத் தொண்டையில நிக்குதுன்னு ரசத்துல பிசைஞ்சு கரைச்சேன். பெறகு சோறே வேணாம், இட்லி. இட்லிய நசுக்கி, பாலு... இல்ல, மோருல கரைச்சு. கடைசியில கஞ்சி. அதுவும் கதவச் சாத்திக்கிட்டு, பக்கத்துல தண்ணி வெச்சுக்கிட்டு, ஒரு மொடக்குக்கு ஒரு மொடக்கு எச்சி முழுங்கிச் சரிபாத்துக்கிட்டு. ஒரு டம்ளர் கஞ்சி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு படமே பாத்துறலாம்.

யாரும் கண்டுபிடிக்கலை. அதுதான் இந்தத் தொழில்ல ஒரு வசதி. அடுப்படியில நிக்கிறவனுக்குப் பசிக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். மோரும் டீயும் குடிச்சுக்கிட்டே ரெண்டு நாள் ஓட்டிருவோம். ருசி பாக்கிறதும் அப்படித்தான், கரண்டியில எடுத்து உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டு நாக்குல வெப்போம், அம்புட்டுத்தான். உப்பு, புளி, காரம் அதுலயே தெரிஞ்சுரும். ஊரெல்லாம் தின்னுட்டுக் கையக் கழுவும், மாஸ்டர் சாப்பிட்டாரான்னு ஒருத்தன் கேக்க மாட்டான். கேட்டது ஒரே ஒருத்தன், பிச்சைமணி. என் கைமாஸ்டரு, எனக்கு அடுத்தபடி அடுப்படியப் பாத்துக்கிறவன். எனக்கு ரெண்டு வயசு எளையவன். என் கூடவே காய் நறுக்க ஆரம்பிச்சவன். மாஸ்டர், வேட்டி நிக்க மாட்டேங்குது உங்களுக்கு, என்ன செய்யுதுன்னு கேட்டான். உன் வேலையப் பாருடான்னேன். அவன் பெரிய வேவுக்காரன். எங்கடா எடம் காலியாகும்னு பாத்துக்கிட்டே இருக்கிற ஆளு.

அப்பத்தான் தொக்கம் எடுக்கப் போனேன். உங்களுக்குத் தெரியும்ல? சாப்பாடு தொண்டையில சிக்கி நின்னுச்சுன்னா ஊதி எடுப்பாங்க. பஸ் ஏறிப் போற தூரத்துல ஒரு அம்மா. என்னைய உக்கார வெச்சு, தொண்டையத் தடவி, வாயில சின்னக் கொழல வெச்சு ஊதி உறிஞ்சுச்சு. ஒரு எலையில துப்பிக் காட்டுச்சு. அந்தா இருக்குய்யா, பாருன்னுச்சு. பாத்தேன், வெள்ளையா நூலா ஏதோ ஒண்ணு. தோசைதான். மாசி மாசத் தோசை சித்திரையில வருது.

தம்பி, அன்னிக்கு வெளிய வந்து அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுல பரோட்டா தின்னேன். சால்னா ஊத்தி ரெண்டு பரோட்டா. கண்ணுல தண்ணி வந்துருச்சு. நாலு நாள் ராசா மாதிரி சாப்பிட்டேன். சோறு, கொழம்பு, கருவாடு, எல்லாம். அஞ்சாம் நாள் பழையபடி கதவு சாத்திருச்சு. அடியில இன்னும் கொஞ்சம் நின்னிருக்கு, அதை அந்தம்மா விட்டுருச்சு. திரும்பத் திரும்பப் போனேன். எடுத்துச்சு, எலையில காட்டுச்சு, ஆனா முதல் தடவ மாதிரி கேக்கல.

இத ஜெசிந்தாம்மாகிட்ட சொன்னதும் அவங்க என்ன கேட்டாங்கன்னா, நாலு நாள் எல்லாம் எறங்குச்சுல்ல மாஸ்டர், அப்ப தொண்டை நல்லாத்தானே இருக்குன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. படிச்சவங்க பேசுற பேச்சா அது.

சரி, அத விடுங்க. அந்த நாலு நாள்லதான் வெனையே வந்துச்சு. திருமங்கலத்துல குருவையா வாத்தியாருன்னு, ஓய்வு பெத்தவரு, மக கல்யாணத்துக்கு என்னையத் தேடி வந்தாரு. எல்லாம் பேசி முடிச்சு, தாம்பூலம் குடுக்கும்போது ஒண்ணு சொன்னாரு. மாஸ்டர், எங்க வகையறாவுல ஒரு வழக்கம். முதல் எலை சமைச்சவருக்குத்தான். பந்தியில மாப்பிள்ளை வீட்டுப் பெரியாளுங்க முன்னால நீங்க உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டாத்தான் மத்தவங்களுக்கு எல போடுவோம்னாரு. அவங்க முன்னோர் காலத்துல ஏதோ ஒரு விசேசத்துல சாப்பாடு கெட்டு ஆளுங்க செத்துப் போனாங்களாம், அன்னிக்கிருந்து அப்படியாம். நான் வயிறு நிறையக் கருவாட்டுக் கொழம்பு சாப்பிட்ட ஏப்பத்தோட இருந்தேன். அதுக்கென்ன சார், உக்காந்துட்டாப் போச்சுன்னேன்.

வைகாசி முகூர்த்தம். அதுக்குள்ள தொண்டை பழைய நெலமைக்கு வந்துருச்சு. பிச்சைமணிய உக்கார வெச்சுரலாமான்னு நெனைச்சேன். மாஸ்டர்னு ஊர்முன்னால அவன உக்கார வெக்கிறதா? அதுக்கு நான் செத்துறலாம். ஒரு வாய்தானே, பருப்பும் நெய்யும் கொழையப் பிசைஞ்சு விட்டா வழுக்கிக்கிட்டு போயிரும்னு துணிஞ்சேன்.

எல போட்டாச்சு. எனக்கு ஒருத்தனுக்கு எல. எதிர்ல பெரியாளுங்க எல்லாம் நிக்கிறாங்க. பின்னால மண்டபம் நிறைய ஆளு, எல்லாருக்கும் பசி, எல்லார் கண்ணும் என் கையில. வாத்தியாரு கும்புட்டாரு. சாப்பிடுங்க மாஸ்டர்னாரு.

வாயில வெச்சேன்.

மென்னேன். மென்னுக்கிட்டே இருக்கேன். அரைச்ச மாவு மாதிரி ஆயிருச்சு, உள்ள போக மாட்டேங்குது. யாரோ ஒரு சின்னப் பிள்ளை, ஏம்மா இவரு முழுங்க மாட்டேங்குறாருன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான், நெஞ்சு இடிக்க ஆரம்பிச்சுருச்சு. கை மரத்துருச்சு. எந்திரிச்சேன், தொண்டையப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சேன், வாயில இருந்தத எலையிலயே துப்பிட்டு, ரெண்டு எட்டு வெச்சு அப்படியே சாஞ்சுட்டேன். வேர்த்து ஊத்துது, கண்ணு செருகுது, மூச்சு முட்டுது.

மத்தவங்க என்ன நெனைப்பாங்க, நீங்களே சொல்லுங்க. சமைச்சவனே ஒரு வாய் தின்னுட்டு விழுந்துட்டான். சாப்பாட்டுல ஏதோ கலந்துருச்சுன்னு ஒருத்தன் கத்துனான். அதுக்குப் பெறகு என்ன நடந்துச்சுன்னு முழுசா எனக்குத் தெரியாது. சனம் வாசலப் பாத்து ஓடுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கத்துறாங்க. ஆயிரம் எலைக்கு ஆக்குன சோறு. சாம்பாரு, ரெண்டு கூட்டு, அவியலு, பாயாசம், அம்புட்டையும் மண்டபத்துக்குப் பின்னால சாக்கடையில ஊத்துனாய்ங்க. எனக்கு ஒண்ணுமில்ல, சாப்பாட்டுல ஒண்ணுமில்லன்னு சொல்லணும், வாய் அசையுது, சத்தம் வரல. அப்ப அந்த வார்த்தைய நான் சொல்ல வேண்டியிருந்துச்சு, பாத்தீங்களா. ஒருத்தரும் கேக்கல.

பிச்சைமணி என்ன பண்ணான் தெரியுமா? நான் துப்பிட்டு எந்திரிச்ச எலை முன்னால போயி உக்காந்துட்டான். அதே எலை. அள்ளி அள்ளித் தின்னான். பாருங்கய்யா, நான் திங்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகல, எங்க மாஸ்டர் கையில விசம் வராதுய்யான்னு அழுதுக்கிட்டே தின்னான். சாம்பார் ஊத்திட்டு ரசம், ரசத்துக்குப் பெறகு மோரு. மண்டபம் காலியாயிருச்சு, அவன் தின்னுக்கிட்டே இருக்கான். எனக்குத் தரையில கெடந்துக்கிட்டுப் பாக்கப் பாக்க ஆத்திரமா வந்துச்சு. என் மானம் போற நேரத்துல, முதல் எலையில உக்காந்து மாஸ்டர் ஆகப் பாக்குறானேன்னு.

அதோட என் அடுப்பு அணைஞ்சுருச்சு. ஆள் தேடி வர்றதில்ல. பிச்சைமணிதான் சின்னச் சின்ன விசேசமாப் புடிச்சு நடத்துறான். கேட்டா தவமணி மாஸ்டர் செட்டுன்னுதான் சொல்றானாம். என் பேர வெச்சுப் பொழைக்கிறான். தெனமும் காலையில தூக்குவாளியில கஞ்சி கொண்டாந்து வீட்டு வாசல்ல வெச்சுட்டுப் போவான். நான் இன்னும் உசுரோட இருக்கனான்னு பாக்க. இந்த ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டு வந்ததும் அவன்தான். மாடிக்குப் போகமாட்டேன்னு நான் படியிலயே உக்காந்துட்டேன். அவனும் பக்கத்துல உக்காந்துட்டான். டோக்கன் போயிரும் மாஸ்டர்னான். போகட்டும்டான்னேன். போனா நாளைக்கு வருவோம், அதுக்கு மறுநாளும் வருவோம், எனக்கு வேற வேலை இல்லைன்னான். அவனுக்கு அன்னிக்கு ஒரு வளைகாப்பு வேலை இருந்துச்சு, எனக்குத் தெரியும். இப்பக்கூட வெளிய, வேப்பமரத்தடியில வண்டிமேல உக்காந்திருப்பான். உள்ள வராதடான்னுட்டேன்.

ஜெசிந்தாம்மா நல்லவங்கதான். வயசு எம் மகளவிடக் கொஞ்சம் கூட இருக்கும். முதல் நாள் நான் தொண்டையில கோளாறுன்னேன். சரின்னாங்க. எனக்குப் பயமெல்லாம் இல்லைன்னேன். அதுக்கும் சரின்னாங்க. ஒடம்புக்குள்ள ஒரு காவக்காரன் இருக்கான் மாஸ்டர், திருடனே இல்லாதப்பவும் அவன் விசில ஊதுறான், நீங்க விசில் சத்தத்துக்குப் பயந்து வீட்டைக் காலி பண்ணிக்கிட்டு இருக்கீங்கன்னாங்க. கறிய விட்டீங்க, சோத்த விட்டீங்க, ஒவ்வொண்ணா விட விட அவன் ஊதுறதுதான் சரின்னு அவனுக்கு ஆயிருச்சுன்னாங்க. அவங்க எதிர்ல உக்காந்து எச்சி முழுங்க வெச்சாங்க. பெறகு கஞ்சி. பெறகு தண்ணியில்லாமக் கஞ்சி. பெறகு நசுக்குன இட்லி. படபடப்பு வந்தா ஓடாதீங்க, மூச்சப் புடிக்காதீங்க, என்ன நடக்குதோ அத வாயால சொல்லுங்க, அது உங்களக் கொல்லாது, தானா எறங்கும்னாங்க.

நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. போன வாரம் ஒரு நாள், புரியிற மாதிரி சொல்றேன் மாஸ்டர், உங்க தொழில்லயே சொல்றேன், அடுப்புல வெச்ச பால் பொங்கி வருதுல்ல, அந்த மாதிரிதான் பயம், பொங்கும், பெறகு அடங்கிரும்னாங்க. நான் சொன்னேன், அம்மா, நான் சமையக்காரன், அடுப்ப அணைக்காட்டி பால் அடங்காது, வழியும்னேன். சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். கூப்புட்டாங்க. திரும்பல, இன்னிக்குத்தான் மறுபடி வந்தேன். சமையல் தெரியாம உதாரணம் சொன்னதுக்கு ஒரு மனுசன் எந்திரிச்சு வருவானா? வர மாட்டான். ஆனா எனக்கு அங்க உக்கார முடியல.

எம் பொஞ்சாதி பவுனம்மா கார்த்திகையில போயிட்டா. பக்கவாதம். இனிமே வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இழுத்துக்கிட்டே கெடந்தா. கண்ணு மூடித்தான் இருக்கு, மூச்சு மட்டும் ஓடுது. வந்தவங்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஏதோ ஆசையில உசுரு நிக்குதுன்னாங்க. தாலிய உரசி ஊத்துனாங்க, பொறந்த வீட்டு மண்ணக் கரைச்சு ஊத்துனாங்க. போகல. கடைசியில அவ அக்காதான் சொன்னா, கட்டுனவன் கையால பால ஊத்துங்க, நிம்மதியாப் போயிருவா, பாவம் கஷ்டப்படுத்தாதீங்கன்னு. எல்லாரும் என்னையப் பாத்தாங்க.

பச்சப் பிள்ளைக்குப் பால் ஊத்துற பாலாடையில எடுத்து ஊத்துனேன். நாந்தான் காய்ச்சுனேன், சூடு சரியா இருக்கான்னு உள்ளங்கையில விட்டுப் பாத்துட்டுத்தான் ஊத்துனேன். தொண்டைக்குழி ஒரு தடவ ஏறி எறங்குச்சு. அவ்வளவுதான், பால் உள்ள போகல. களகளன்னு ஒரு சத்தம். அத்தன நாள் மூடிக் கெடந்தவ கண்ணத் தொறந்து என்னையப் பாத்தா. பாத்துக்கிட்டே போயிட்டா.

நல்ல சாவுன்னாங்க. புருசன் கையால பால் குடிச்சுட்டுப் போயிட்டா, கொடுத்து வெச்சவன்னாங்க. குடிச்சாளாம். குடிக்கலைங்கறது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாது தம்பி. அவ போனது கார்த்திகை, எனக்கு இது வந்தது மாசி. நடுவுல மார்கழி, தை ரெண்டு மாசம் கல்லு மாதிரி இருந்தேன். தையில எல்லா முகூர்த்தத்துக்கும் வேலைக்குப் போனேன். மாசியிலதான் வேலையில்லாம வீட்டுல தனியா உக்காந்தேன். அதனால ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்க. ஜெசிந்தாம்மாகிட்டக்கூட நான் சொல்லல. சம்பந்தமில்லாதத எதுக்கு அவங்ககிட்ட சொல்லிக்கிட்டு. உங்ககிட்ட ஏன் சொன்னேன்னு தெரியல. ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல இது வரைக்கும்.

தம்பி. வருது.

இல்ல, எந்திரிக்காதீங்க, யாரையும் கூப்புடாதீங்க. உக்காருங்க. வாயால சொல்லணும், அவ்வளவுதான், சொல்றேன். நெஞ்சு இடிக்குது. இடது கை மரத்துருச்சு. ஒதட்டச் சுத்தி எறும்பு ஊறுது. தண்ணி வேணும் போல இருக்கு. வேணாம், குடுக்காதீங்க, நான் கேட்டாலும் குடுக்காதீங்க. செத்துருவேன்னு இருக்கு. இந்தச் சேர்ல செத்துருவேன், எதிர்ல இருந்த பாவத்துக்கு நீங்க சாட்சி சொல்லணும். இது ஏறும். ஏறிக்கிட்டு இருக்கு. நீங்க என்னையவே பாருங்க. தரையப் பாக்காதீங்க, என்னையப் பாருங்க.

இன்னும் இருக்கு.

இன்னும் இருக்கு தம்பி.

கொஞ்சம் எறங்குன மாதிரி இருக்கு. கை வந்துருச்சு, பாருங்க, மடக்க முடியுது. சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு. உங்க டீ ஆறிப்போயிருச்சு என்னால.

எனக்குப் பசிக்குது தம்பி. அதத்தான் யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. சாப்பாடு வேணாங்குறாருன்னு எழுதி வெச்சிருக்காங்க. வேணாங்கல. பசிக்குது. ராவும் பகலும் பசிக்குது. நீங்க அந்த வடையப் பிட்டீங்கள்ல, அப்பவே எனக்கு வாயில தண்ணி ஊறிருச்சு, எண்ணெ குடிச்ச அந்த வடைக்கு. தெருவுல யாரு வீட்டுலயாவது தாளிச்சா நின்னு மோந்துக்கிட்டு இருக்கேன். பிச்சைக்காரன் மாதிரி நிக்கிறேன். இந்தக் கையி எத்தன பேருக்குப் போட்டிருக்கும், எனக்கு ஒரு வாய் போட்டுக்க முடியல. சாகப் பயமான்னா, இல்லைன்னு சொல்லியே பழகிட்டேன். பயம்தான். ரொம்பப் பயமா இருக்கு. பவுனம்மா பாத்தாளே, அந்த மாதிரி பாத்துக்கிட்டே போயிருவேனோன்னு பயமா இருக்கு.

மேல போனதும் ஜெசிந்தாம்மாகிட்ட பால் விசயத்தச் சொல்லணுமோ என்னமோ. சொன்னா என்னைய என்ன நெனைப்பாங்களோ. முதல்ல மேல போகணும். போகணும்னா இது உள்ள போகணும்.

இந்தா, பிட்டுட்டேன். சின்னதுதான், சுண்டு வெரல் நகத்தளவு. இன்னும் கொஞ்சம் பெருசா எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. இந்தா. இது போதும்.

இத வாயில வெச்சுட்டா என்னால பேச முடியாது. பேச்சு நின்னுச்சுன்னா அந்த மண்டபம் வந்துரும், எல்லாரும் வந்து நின்னுக்கிட்டுப் பாப்பாங்க. அதனால இனி நீங்க பேசணும். உக்காந்ததுல இருந்து நானே பேசிக்கிட்டு இருக்கேன், நீங்க யாருக்கு ஒடம்பு சரியில்லாம இங்க வந்து உக்காந்திருக்கீங்கன்னு ஒரு வார்த்த கேக்கல பாருங்க. உங்க கண்ணு ரெண்டும் செவந்திருக்கு, அதக்கூட இப்பத்தான் பாக்குறேன். சொல்லுங்க தம்பி. நிதானமாச் சொல்லுங்க. இது உள்ள எறங்குற வரைக்கும் நிப்பாட்டாமச் சொல்லுங்க.

வெக்கிறேன்.